பக்கத்துச் செடியை நிறத்தால் அறியும் சோளம்

நெருக்கி விதைத்த சோளம் ஏன் தூர் விடாமல் ஒல்லியாக நெட்டென்று ஏறுகிறது, நிழலுக்கும் கதிர் தள்ளுவதற்கும் சம்பந்தம் உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. அது வெளிச்சம் குறைவதால் மட்டும் வருவதில்லை, வெளிச்சத்தின் நிறம் மாறுவதாலும் வருவது.

பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சும் என்பது பள்ளிப் பாடம். சிவப்பைத் தாண்டி, 730 நானோமீட்டர் வாக்கில், நம் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற தொலைச்சிவப்பு இருக்கிறது. இலைக்கு அது வேண்டாம், பெரும்பாலும் வெளியே தெறித்துவிடும். வெட்டவெளியில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். அடர்ந்த பயிருக்குள்ளோ தொலைச்சிவப்பின் கை ஓங்கிவிடும். பக்கத்துச் செடியிலிருந்து தெறித்து வருவதே போதும். நிழல் மேலே விழுவதற்கு முன்பே பயிருக்குச் சேதி போய்விடுகிறது.

சேதியைப் படிப்பது பைட்டோகுரோம் என்ற புரதம். இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் லெட்டூஸ் என்ற சாலட் கீரையின் விதைகளுக்குச் சிவப்பு ஒளி காட்டினார்கள், முளைத்தன. அதன்பின் தொலைச்சிவப்பு காட்டினால் முளைக்கவில்லை. மறுபடி சிவப்பு, முளைத்தன. மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும், கடைசியாகப் பட்ட ஒளிதான் முடிவு செய்தது. மாடிப்படி விளக்குக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சுவிட்ச் இருக்குமே, அப்படி! ஒரே மூலக்கூறு, 660 நானோமீட்டர் சிவப்பு பட்டால் செயல்படும் வடிவத்துக்குப் போகிறது, தொலைச்சிவப்பு பட்டால் பழையபடி திரும்புகிறது. கீரை விதைக்கு லைட் அடித்துப் பார்க்கப் போகிறேன் என்று இன்று நிதி கேட்டுப் போனால், "இதனால் விவசாயிக்கு என்ன லாபம்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செயல்படும் பைட்டோகுரோம் செல்லின் உட்கருவுக்குள் போய், தண்டை நீட்டச் சொல்லும் புரதங்களை அடக்கி வைக்கும். நிழலில் அந்தப் பிடி தளரும், ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கூடும், தண்டு நீளும். டிபி1 என்ற மரபணுவும் விழித்துக்கொண்டு பக்க மொட்டுகளைத் தூங்க வைத்துவிடும். தூர் வராததற்கு இதுதான் காரணம்.

சரி, கதிர்? சோளம் பகல் குறுகும்போது பூக்கிற பயிர். பகல் நீளமாக இருக்கும் வரை மா1, மா6 என்ற இரு மரபணுக்கள் பூப்பதைத் தடுத்து வைக்கின்றன. அவை நன்றாக வேலை செய்யப் பைட்டோகுரோம் வகைகளில் ஒன்றான பைட்டோகுரோம்-பி வேண்டும். நிழலில் அது ஓய்ந்தால் தடை விலகி, இலையில் ஃபுளோரிஜன் என்ற புரதம் உருவாகும். திசுக்குழாய் வழியே குருத்து நுனிக்குப் போகும். அதுவரை இலையாக விட்டுக்கொண்டிருந்த நுனி, கதிராக மாறத் தொடங்கும்.

இதற்குச் சாட்சியாக 58எம் என்றொரு சோள ரகம் இருக்கிறது. நல்ல வெயிலில் நின்றாலும் நெடுநெடுவென வளரும், தூர் குறைவு, சீக்கிரமே பூத்துவிடும். அதில் பழுதாகியிருந்த மா3 மரபணு பைட்டோகுரோம்-பி-யைத்தான் உருவாக்குகிறது என்பது 1997-இல் தெரியவந்தது. நிழலே இல்லாமல் நிழலில் இருப்பதாக நம்பும் பயிர் அது.

மரத்தடியில் நாள் முழுக்க நிழல் என்றால் கணக்கே வேறு. அங்கே மாவுச்சத்துக்கே பஞ்சம், சேதி எதுவாக இருந்தாலும் கதிரில் மணி பிடிப்பது கஷ்டம்.