கலவை வேறு, சேர்வை வேறு

கொழுப்பு ஈரலுக்கு 'இயற்கைக் கலவைகள் சாத்தியமான சிகிச்சை' என்ற வரியை இந்த மாதம் மூன்றாவது தடவை வாசித்துவிட்டேன். முதல் இரண்டும் கைபேசிக்கு வந்தவை. மூன்றாவது மாங்குளத்தில், பெரியம்மாவின் குசினியில் கிடந்தது. யாரோ அச்செடுத்துக் கொடுத்த தாள். பக்கத்தில் ஒரு ஜாம் போத்தலில் மஞ்சள்தூள், மிளகு, இஞ்சிச்சாறு, தேன் எல்லாம் குழைத்து வைத்திருந்தார். "கலவை எண்டுதானே தம்பி போட்டிருக்கு, அதான் கலந்தனான்" என்றார். பிழை அவரில் இல்லை. தாளில் இருந்த தமிழை அவர் சரியாகத்தான் விளங்கியிருக்கிறார்.

இங்கே 'கலவை' என்று மொழிபெயர்த்திருக்கும் ஆங்கிலச் சொல் 'கொம்பவுண்ட்'. ஒன்றாக வைத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து மருந்துக் கலவைக்கும் அதே சொல்தான். ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து தந்தவரைக் கொம்பவுண்டர் என்றது அதனால்தான். ஆனால் வேதியியலில் அதன் பொருள் வேறு.

உப்பையும் மணலையும் எந்த அளவிலும் கலக்கலாம், தண்ணீர் ஊற்றித் திரும்பப் பிரிக்கலாம். அது கலவை. அணுக்கள் ஒரு குறித்த விகிதத்தில் பிணைந்து புதுப் பொருளாகிவிட்டால் அது சேர்வை. மஞ்சள்தூள் கலவை. அதற்குள் சுமார் 3 சதவீதம் இருக்கும் குர்குமின் சேர்வை: 21 காபன், 20 ஐதரசன், 6 ஒட்சிசன் அணுக்கள், எந்தத் தோட்டத்து மஞ்சளிலும் இதே கணக்குத்தான். 1815இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். மரமஞ்சளில் உள்ள பெர்பெரினும் சேர்வைதான். ஈரலுக்கென்று விற்கும், 'மில்க் திஸில்' என்ற செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமரின் மட்டும் பல சேர்வைகள் கலந்தது. அங்கே கலவை என்று எழுதினால் சரி.

மூலகம், சேர்வை, கலவை என்று எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்திலேயே மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் சேர்மம் என்கிறார்கள், அதுவும் நல்ல சொல்தான். சேர்வை என்று படித்த பிள்ளைகளுக்கு எழுதும்போது சேர்வை என்றே எழுதலாம். இரண்டையும் விட்டுவிட்டுக் கலவை என்று எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மொழிபெயர்ப்பவர் அகராதியில் முதலாவதாக வந்த சொல்லை எடுத்துப் போடுகிறார், இல்லையென்றால் இயந்திரம் தந்ததை அப்படியே விடுகிறார். வாசிப்பவர் அதை வாயில் போடப்போகிறார் என்ற நினைப்பு வேண்டாமா?

'சாத்தியமான' என்பதும் அதே சீர்கேடுதான். பலன் தரக்கூடுமா என்று இன்னும் பார்க்கிறார்கள் என்பது மூலத்தின் கருத்து. தமிழில் அது 'முடியும்' என்று ஆகிவிட்டது. குர்குமின் உடலில் லேசில் உறிஞ்சப்படாது. மிளகுச் சத்தோடு செறிவாக்கிய மஞ்சள் குளிசைகளால் சிலருக்கு ஈரலே பாதிக்கப்பட்டிருக்கிறது.

தாளில் அந்த வரியை வெட்டிவிட்டு, மேலே பேனையால் எழுதினேன்: 'மஞ்சள், மரமஞ்சள் போன்றவற்றில் உள்ள சேர்வைகள் கொழுப்பு ஈரலுக்கு உதவுமா என்று ஆராய்கிறார்கள்.'

பெரியம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப இது இன்னும் மருந்தாகேல்லையோ?"

"இல்லை, பெரியம்மா. கிளினிக்கில சொன்ன மாதிரி எடையைக் குறையுங்கோ."

போத்தலை மூடி, கறித்தூள் தட்டில் வைத்தார்.