இஸ்தோப்புப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்காமலிருக்க

இலங்கை மலையகத்தில் குடும்ப வாழ்க்கையின் பாதி இஸ்தோப்பிலும் (வீட்டு முன்திண்ணையிலும்) வாசலிலும்தான் நடக்கிறது. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவுக்குள் (அறைக்குள்) எல்லோரும் உட்கார்ந்து பேச இடம் ஏது? சீட்டுக்காசு, பிள்ளையின் படிப்பு, கல்யாணப் பேச்சு என எல்லாம் வெளியே வருகிறது. பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது. ஏழு பேர்ச்சஸ் (நில அளவு) காணியில் தனி வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கும் இந்தச் சங்கடம் முழுதாகத் தீரவில்லை. தன் வீட்டு வாசலில் மனம்விட்டுப் பேசும் உரிமை தோட்டத் துரையின் பங்களாவுக்கு மட்டும் உரியதல்ல.

முதலில் நினைவுக்கு வருவது வேலிதான். செம்பருத்தியும் காட்டுச் சூரியகாந்தியும் பார்வையை நன்றாக மறைக்கும். ஆனால் இலைகளின் இடைவெளி முழுவதும் ஒலிக்குத் திறந்த வழி. ஒலியைத் தடுக்க எடை வேண்டும், சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோவாவது. மெல்லிய கூரைத் தகரம் இதில் பாதிகூட இல்லை. இடுக்கு விடாமல் அடித்த ஓர் அங்குலப் பலகை போதும். சீமெந்துக் கல் தேவைக்கும் அதிகம்.

தடுப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் ஒலி அதன் உச்சியில் வளைந்து மறுபக்கம் இறங்கும். எவ்வளவு வளையும் என்பதை அலைநீளம் முடிவு செய்கிறது. ஒலிபெருக்கியின் கனத்த 125 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 125 முறை) அதிர்வுக்கு அலைநீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர், கீச்சொலியான 2000 ஹெர்ட்ஸுக்கு வெறும் 17 சென்டிமீட்டர். நீண்ட அலை எளிதாக வளைகிறது, குறுகிய அலை வளையத் திணறுகிறது. இரண்டு மீட்டர் உயரச் சுவருக்கு இருபுறமும் ஒன்றரை மீட்டர் தள்ளி இருவர் உட்கார்ந்திருந்தால், கணக்குப்படி 2000 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 20 டெசிபெல் குறையும். 125 ஹெர்ட்ஸ் 9 அல்லது 10 மட்டுமே. பத்து டெசிபெல் குறைந்தால் காதுக்கு ஒலி பாதியானதுபோல் தோன்றும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ச, ட, த போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் நுட்பங்கள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே இருக்கின்றன. சுவர் அவற்றையே முதலில் பறிக்கிறது. பக்கத்து வீட்டாருக்குக் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. அமைதி கிடைக்குமுன்னே மறைவு கிடைத்துவிடுகிறது. வீட்டுக்கருகே பீலித் (ஊற்றுநீர்க் குழாய்) தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் மிச்சச் சொற்களையும் அதன் இரைச்சல் மூடிவிடும்.

லயத்தில் ஒரு சிக்கல் உண்டு. இஸ்தோப்புக்குமேல் கூரை இருப்பதால், நெஞ்சளவுத் தடுப்பைத் தாண்டும் ஒலி தகரத்தில் பட்டுத் தெறித்து அடுத்த வீட்டில் விழுகிறது. ஆகவே பலகை கூரைவரை எட்டவேண்டும். முன்பக்கத்தைச் சுற்றி ஒலி வளையாமலிருக்கக் கூரை விளிம்பையும் சற்றுத் தாண்டி நீளவேண்டும்.

மேட்டு லயத்துக்கும் பணிய (கீழ்) லயத்துக்கும் இடையில் சரிவே பாதி வேலையைச் செய்கிறது. மேலே இருப்பவர் மண்மேட்டின் விளிம்பிலிருந்து சில அடி பின்னால் நாற்காலியைப் போட்டால், கீழ்வாசல் பார்வையிலிருந்து மறையும். நேர்வழி அறுந்தாலே சுமார் 5 டெசிபெல் குறையும். விளிம்பில் இடைவெளியில்லாத மூன்றடித் தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. தடுப்பு பேசுபவருக்கோ கேட்பவருக்கோ அருகில் இருக்கவேண்டும்; இரண்டுக்கும் சரிநடுவில் அதன் பலன் மிகக் குறைவு.

நுவரெலியாப் பக்கம் தெளிந்த குளிரிரவுகளில் எதிர்மலைக் கோயில் பாட்டு வாசலில் ஒலிப்பதுபோல் கேட்பது வேறு கதை. குளிர்காற்று பள்ளத்தில் தேங்க, மேலிருக்கும் வெப்பமான காற்றில் ஒலி வேகமாகச் சென்று கீழ்நோக்கி வளைகிறது. அதைச் சுவர் தடுக்காது. பக்கத்து இஸ்தோப்பின் சிறு தூரத்துக்கு அந்த வளைவு பொருட்டில்லை.

சரிவின் விளிம்பில் மட்டும் கற்சுவரை எழுப்பாதீர்கள். மழைக்காலத்தில் அந்தப் பாரத்தையும் தேங்கும் நீரையும் மண் தாங்காமல் போகலாம். பலகைத் தடுப்பே அங்கு ஏற்றது. கல்லால்தான் கட்டவேண்டுமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையை முதலில் பெறுங்கள். நீர் வடியத் துளைகளும் விடுங்கள். அவ்வளவு சிறிய துளைகளால் பேச்சு வெளியே போய்விடாது.