ஏரிக்கடியில் ஒரு விமானம்

பள்ளியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். அப்பா அம்மா பிரிந்துபோன 12, 13 வயதுப் பிள்ளைகளோடு நான் சேர்ந்து படிக்கும் நாவல் கேரி பால்சனின் 'ஹேட்செட்'.

பிரையனுக்கு 13 வயது. விவாகரத்துக்குப் பிறகு, கனடாவின் எண்ணெய் வயலில் வேலை பார்க்கும் அப்பாவிடம் சின்ன விமானத்தில் போகிறான். நடுவானில் விமானிக்கு மாரடைப்பு வர, விமானம் காட்டு ஏரியில் விழுகிறது. கையில் அம்மா கொடுத்த சிறு கோடாரி. மனசுக்குள், அம்மாவை வேறொருவரோடு பார்த்துவிட்ட ரகசியம். 54 நாள் தனியாகத் தாக்குப்பிடிக்கிறான்.

ஓர் இரவு முள்ளம்பன்றி வந்து காலில் முட்கள் தைத்துவிடுகின்றன. வெகுநேரம் அழுகிறான். அழுது ஓய்ந்த பிறகும் அதே இருட்டு, அதே வலி. காடு அவன்மேல் கோபப்படவும் இல்லை, இரக்கப்படவும் இல்லை. 'நான் அடம்பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார்' என்று நம்பும் பிள்ளைக்கு இந்த இடம் பெரிய ஆறுதல். இது உனக்குக் கிடைத்த தண்டனை இல்லை என்று வாரக்கணக்கில் நான் சொல்லியும் மனசில் ஏறாதது, இங்கே ஏறிவிடுகிறது.

இதையே 'அழுது என்ன பயன்' என்று சொல்லப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். முள்ளம்பன்றிமேல் அவன் வீசிய கோடாரி பாறையில் பட்டுப் பொறி பறந்ததே, அதிலிருந்துதான் நெருப்பு மூட்டவே கற்றுக்கொள்கிறான். அந்தப் பொறி பறந்ததும் அதே ராத்திரிதான்.

அப்புறம் அந்த ஏரி. மீன் தருவதும் அதுதான். விமானியின் உடலோடு விமானம் மூழ்கிக் கிடப்பதும் அதில்தான். சுழல்காற்று வந்து கலக்கியதும் விமானத்தின் வால் மேலே தெரிகிறது. உள்ளே போய் அவசரகாலப் பையை எடுக்கும்போது விமானியின் மண்டையோட்டையும் பார்க்க நேர்கிறது. மீட்கப்பட்டு வீடு திரும்பிய பிறகும் அந்த ரகசியத்தை அவன் அப்பாவிடம் சொல்வதே இல்லை.

பெற்றோர்களே, சொல்லாத பிள்ளையைத் தோண்டித் துருவாதீர்கள். யாரோ துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

ஒரு சிறுமியிடம் அந்த ஏரியை வரையச் சொன்னேன். முதல் வாரம் வெறும் நீலம். இரண்டாம் வாரமும் நீலம்தான். மூன்றாம் வாரம், தண்ணீருக்கு மேலே துளியூண்டு வால். நான் எதுவும் கேட்கவில்லை. நீலப் பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.