டாரிஃப்: சுங்கமா, தீர்வையா?

2025 ஆகஸ்டில் ஆம்பூர் பக்கம் ஷேர் ஆட்டோவிலும் டீக்கடையிலும் அதிகம் அடிபட்ட சொல் டாரிஃப். அந்த மாதம் 7ஆம் தேதி முதல் இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீத வரி, ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 27ஆம் தேதி முதல் இன்னொரு 25 சதவீதம் என்று அமெரிக்கா ஏற்றியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோலையும் ஷூவையும் நம்பிப் பிழைக்கும் ஊர்கள். “நம்ம கம்பெனி மேல அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான்” என்று பேச்சு ஓடியது. அதில் பாதிதான் சரி.

சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. அறிவித்தல், விளக்கிச் சொல்லுதல் என்பது பொருள். மத்தியதரைக் கடல் வணிகர்கள் வழியாக இத்தாலிக்குப் போய், எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி என்று காட்டும் பட்டியலைக் குறித்து, அப்புறம் ஆங்கிலத்துக்கு வந்தது. மின்சாரத்துக்கும் செல்போனுக்கும் டாரிஃப் என்று சொல்வதில் அந்தப் பட்டியல் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கெல்லாம் கட்டணம் என்றாலே போதும். அதே அரபிச் சொல் பாரசீகம் வழியே உருதுவுக்கும் போனது. வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் உருது பேசும் வீடுகளில் ‘தாரீஃப்’ என்றால் பாராட்டு!

தமிழில் இதற்குப் பழைய சொல் உல்கு. ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்கிறது குறள் (756). உல்கு என்பது சுங்கம், கப்பலிலும் வண்டியிலும் வரும் பண்டங்களுக்கான வரி என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயரே உண்டு. ஆனால் இன்று சுங்கம் என்றதும் நம் ஊர்க்காரர் நினைவுக்கு வருவது பள்ளிகொண்டா சுங்கச்சாவடி. அது சாலைக் கட்டணம், வேறு சங்கதி.

எனக்குப் பொருத்தமாகப் படுவது இறக்குமதித் தீர்வை. நிலத்துக்குத் தீர்வை கட்டிய கிராமத்தாருக்குத் தீர்வை புதிய சொல் இல்லை. ‘இறக்குமதி’ என்ற முன்பாதி யார் கட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறது. ‘இந்தியா மீது 50 சதவீத வரி’ என்று அப்போது செய்தியில் போட்டபோது அந்த விவரம்தான் தொலைந்துபோனது.

ஒரு ஜோடி ஷூ 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 50 சதவீதக் கணக்கில், அது அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது கூடுதல் 10 டாலரை அந்த அரசுக்குக் கட்டுவது அங்கே சரக்கு எடுக்கும் வியாபாரி. அவர் சும்மா இருப்பாரா? கொஞ்சத்தை அங்கே கடை விலையில் ஏற்றுவார். மீதிக்கு இங்கே போன் போட்டு, விலையைக் குறை என்பார், இல்லை ஆர்டரைத் தள்ளிப்போடுவார். கம்பெனியில் முதலில் நிற்பது ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை. ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் பெண்கள் பலருக்குச் சீட்டுப் பணமும் பிள்ளைகளின் பீஸும் அந்த ஓ.டி. காசில்தான் நடக்கும். அது நின்றால் மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறும். தீர்வை கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர் என்பது இப்படித்தான் நடக்கிறது.