முன்விரோதம் என்று எழுதும் முன்

கொலை நடந்த வீட்டுக்காரர்கள் வக்கீலைத் தேடி வருவது பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான். கையில் எஃப்.ஐ.ஆர். நகல் இருக்கும், செல்போனில் ஏதாவது ஒரு செய்தி சேனலின் வீடியோ இருக்கும். "மேடம், எல்லாம் கிளியரா இருக்கு. அவன்தான் பண்ணான். எதுக்குப் பண்ணான்னு ஏரியாவுக்கே தெரியும்" என்பார்கள். நான் எஃப்.ஐ.ஆரை வாங்கிப் படிப்பேன். பல நேரம் அந்த ரெண்டு பக்கத்திலேயே வழக்கு பாதி கெட்டுப்போயிருக்கும்.

சென்னை செஷன்ஸ் கோர்ட்டுகளில் கொலை வழக்குகள் நடத்துகிறேன். பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில், சில வழக்குகளில் இறந்தவரின் குடும்பத்துக்காக அரசு வக்கீலுக்கு உதவியாக. ரெண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: கொலைக்கான காரணத்தை யாராவது ஊதிப் பெரிதாக்கிய வழக்குகளில்தான் உண்மையான குற்றவாளி சுலபமாக வெளியே வருகிறான். இதைக் குடும்பங்கள் செய்வது கெட்ட எண்ணத்தில் அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த ஆத்திரத்தில், "சும்மா விடக் கூடாது" என்ற தவிப்பில் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அம்மா பெஞ்சில் சரிந்து கிடப்பார். அப்பாவுக்குப் பேச்சே வராது. அந்த நேரத்தில் தெளிவாகப் பேசக்கூடிய ஒருவர் முன்னால் வந்து நிற்பார், பெரும்பாலும் தாய்மாமா அல்லது சித்தப்பா. எழுதுகிற ஏட்டு, "வேற யார் மேல சந்தேகம்?" என்று கேட்பார். அங்கேதான் ஆரம்பிக்கும். "அவன் அண்ணன் பேரையும் போடுங்க சார், அவன்தான் ஏத்திவிட்டது. கோயில் திருவிழாவுலயே மிரட்டினான். அந்த மூணாவது வீட்டுக்காரனும் கூட நின்னான்னு போடுங்க." வெட்டியது ஒருவன். புகாரில் நாலு பேர். காரணமும் ஒன்றிலிருந்து மூன்றாகும்: பணத் தகராறு, திருவிழாத் தகராறு, பெண் விவகாரம். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி "முன்விரோதம் காரணமாக" என்று ஒரு வரி.

ரெண்டு மூணு வருஷம் கழித்து விசாரணை வரும். அந்த அண்ணன் அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நைட் ஷிப்டில் இருந்தான் என்று வருகைப் பதிவோடு எதிர்த்தரப்பு வந்து நிற்கும். ஒரு விஷயத்தில் பொய் சொன்ன சாட்சி எல்லாவற்றிலும் பொய் சொல்கிறார் என்று நம் நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை, பதரை நீக்கி நெல்லை எடுக்க வேண்டியது கோர்ட்டின் வேலை. சரி. ஆனால் நேரில் பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சி அந்தத் தாய்மாமா என்றால், வராத ஒருவனை வந்ததாகச் சொன்ன அவர் வாயிலிருந்து வரும் மற்றப் பெயரை மட்டும் நீதிபதி எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்? சந்தேகத்தின் பலன் எல்லோருக்கும் போகும், உண்மையில் வெட்டியவன் உட்பட.

குறுக்கு விசாரணையில் வழக்கமாக வரும் ஒரு கட்டத்தைச் சொல்கிறேன். "இந்த இடத் தகராறு பற்றிப் புகாரில் எழுதியிருக்கிறதா?" "இல்லைங்க." "போலீஸ் உங்களை விசாரித்தபோது சொன்னீர்களா?" "சொன்னேங்க, அவங்க எழுதல." உண்மையாகவே அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்குவதில்லை, அதில் என்ன எழுதினார்கள் என்று அவருக்கு அன்றைக்குத் தெரியவும் தெரியாது. முக்கியமான ஒரு விஷயம் அதில் இல்லாமல் கோர்ட்டில் முதல்முறையாக வந்தால் அது பிற்பாடு ஜோடித்ததாகவே பார்க்கப்படும். புகார் அப்படியில்லை. அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்ததை எழுதுங்கள், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள், பார்க்காதவன் பெயரை யார் சொன்னாலும் எழுதாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

இனி காரணம் என்பதற்கு வருவோம். சினிமாவிலும் துப்பறியும் கதையிலும் காரணம் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. யாருக்கு லாபம், யாருக்குப் பகை என்று தேடிக்கொண்டே போய் கடைசி அத்தியாயத்தில் ஒருவனைக் காட்டுவார்கள், அவனும் கோர்ட்டில் கூண்டேறி எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். நிஜத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற இன்றைய சாட்சியச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு காரணத்தைத் தொடர்புடைய ஒரு சங்கதியாக மட்டுமே ஏற்கிறது. நம்பகமான கண்ணால் கண்ட சாட்சி இருந்தால் காரணமே நிரூபிக்கப்படாவிட்டாலும் தண்டனை கிடைக்கும். நேரில் பார்த்தவர் யாரும் இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தை நம்பி நிற்கும் வழக்கில்தான் காரணத்துக்கு மதிப்புக் கூடுகிறது, அது இல்லையென்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகம். அங்கேயும் அது பல கண்ணிகளில் ஒரு கண்ணிதான். 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து நிபந்தனைகள் இன்றைக்கும் எங்கள் பாடம்: நிரூபிக்கப்பட்ட சூழ்நிலைகள் எல்லாம் சேர்ந்து, குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க நியாயமான வாய்ப்பே இல்லை என்று காட்ட வேண்டும். பகை இருந்தது என்பதால் மட்டும் அது வந்துவிடாது. பகை கொலை செய்யவும் காரணமாகலாம், பொய்யாக மாட்டிவிடவும் காரணமாகலாம்.

இதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1944 நவம்பரில் வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். 'இந்து நேசன்' பத்திரிகையில் சினிமாக்காரர்களின் சொந்த விஷயங்களை அசிங்கமாக எழுதியவர். அவரைக் கொல்ல யாருக்குக் காரணம் இருந்தது என்று கேட்டால் அன்றைய கோடம்பாக்கத்தில் பாதிப் பேரைச் சொல்லலாம். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று 1945-ல் தீர்ப்பானது. வழக்கு அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்ப சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்து, 1947-ல் ரெண்டு பேரும் விடுதலையானார்கள். காரணம் அப்படியே இருந்தது, சாட்சியம்தான் நிற்கவில்லை. பாகவதரின் சினிமா வாழ்க்கை அதற்குப் பிறகு பழையபடி எழவே இல்லை. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பதும் இன்றுவரை பேச்சாகவே இருக்கிறது. தப்பான ஆளை நோக்கி வழக்கு போனால் செத்தவனுக்கும் நீதி இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இதற்கு நேர்மாறானது 1952-ல் ஆளவந்தார் என்ற பேனா வியாபாரி கொலையான வழக்கு. தலையில்லாத உடல் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள், தலை ராயபுரம் கடற்கரையில். கேட்கும்போதே தூக்குத் தண்டனை என்றுதான் தோன்றும். ஆனால் குற்றவாளிகள் என்று தீர்ப்பான பிரபாகர மேனனுக்கு 7 ஆண்டு, அவர் மனைவி தேவகிக்கு 3 ஆண்டு. ஆளவந்தாரின் நடத்தை சரியில்லை என்ற பேச்சுதான் அந்த வழக்கு முழுக்க. இந்த மாதிரித் தீர்ப்பைப் பார்க்கும்போது எனக்கு இரட்டை மனசு. கொலையுண்டவரின் நடத்தை எப்படி இருந்தாலும் அவர் பக்கத்துக் கதையைச் சொல்ல அவர் இல்லை. குற்றவாளிமேல் இரக்கம் காட்டத் தண்டனை விதிக்கும் கட்டத்தில் இடம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும், ஆனால் இறந்தவரின் குணத்தை விசாரிப்பதில் போய் அது முடிந்துவிடக் கூடாது.

காரணம் வேறு, கருத்து வேறு என்பதை அடிக்கடி விளக்க வேண்டியிருக்கிறது. ஏன் செய்தான் என்பது காரணம். கொல்ல வேண்டும் என்றே செய்தானா, செத்துவிடுவான் என்று தெரிந்தே செய்தானா என்பது கருத்து. சட்டத்தின் தராசு ரெண்டாவதில்தான் தொங்குகிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது, தினமும் அதைக் கடந்து போகிறோம். கன்றைத் தேர்க்காலில் ஏற்றிய மகனைத் தேர்க்காலிலேயே இட்ட அரசன். கதை எனக்கும் பிடிக்கும், பசுவின் மணியோசைக்கும் இறங்கிவந்த அரசு என்பதற்காக. ஆனால் அந்த இளவரசன் கன்றைக் கொல்ல நினைக்கவில்லை. அது குறுக்கே ஓடி வந்தது. இன்றைக்கு ஒரு மனிதரே அப்படி வண்டியில் அடிபட்டு இறந்தால், ஓட்டியவரின் அலட்சியம் நிரூபணமானால்கூட அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய தண்டனைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, கொலை ஆகாது. உயிருக்கு உயிர் என்று கேட்டு வரும் குடும்பங்களிடம் இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டு பேசுகிறேன், ஏனென்றால் அவர்கள் மனசில் இருக்கும் நீதி அந்தச் சிலையின் நீதி.

டாஸ்மாக் வாசலில் ரெண்டு நண்பர்களுக்குள் வாய்த்தகராறு, கைக்கு வந்த பாட்டிலால் ஒரே அடி, ஆள் போய்விட்டான். போலீஸ் கொலை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவில் வழக்குப் போடும், அதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள். முன்யோசனை இல்லாமல் திடீர்ச் சண்டையில் ஆத்திரத்தில் நடந்தது, அவன் அந்தச் சூழ்நிலையைப் பயன்படுத்திக்கொண்டு கொடூரமாக நடக்கவில்லை என்று கோர்ட் முடிவு செய்தால் அது கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்ற 105-க்கு வந்துவிடும், தண்டனை கணிசமாகக் குறையும். இறந்தவர் வீட்டுக்கு இது துரோகமாகத் தெரியும். "காசு வாங்கிட்டாங்க" என்ற பேச்சும் கிளம்பும். அப்படி எதுவும் நடக்காமலேயே இந்த முடிவு வரலாம் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

காரணமே குற்றத்தின் பகுதியாகும் இடமும் உண்டு. ஐந்து பேருக்குக் குறையாத கும்பல் சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற அடிப்படையில் ஒருவரைக் கொன்றால் அதற்கென்றே 103-இல் இரண்டாவது உட்பிரிவு வந்திருக்கிறது. அங்கே ஏன் என்ற கேள்வியை நிரூபித்தே ஆக வேண்டும். சாதியை மீறிக் காதலித்ததற்காக நடக்கும் கொலைகளில் ஊருக்கே தெரிந்த காரணத்தை ஊரில் ஒருவர்கூடக் கோர்ட்டில் வந்து சொல்ல மாட்டார்கள். சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்துபோவதை அங்கேதான் அதிகம் பார்க்கிறோம். மிரட்டல் இருந்தால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனுக் கொடுக்கலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுக்கப் பின்பற்றச் சொன்ன திட்டம் அது. பயந்து ஒதுங்குவதற்கு முன் இதைக் கேட்டுப்பாருங்கள்.

அப்புறம் அந்த டிவி வீடியோ. "கொலையாளி பரபரப்பு வாக்குமூலம்" என்று மறுநாளே வரும், அவன் பேசியது போலவே வசனத்தோடு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கக் கோர்ட் பார்க்கவே கூடாது. அதில் அவன் காட்டிக் கொடுத்து எடுத்த கத்தி, நகை போன்றவற்றோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதிக்கு மட்டும்தான் மதிப்பு. இதற்காகவே சில வழக்குகளில் குற்றவாளி, போலீஸ் அல்லாத வி.ஏ.ஓ.விடம் தானே போய் மனம் வருந்தி ஒப்புக்கொண்டதாக ஒரு சாட்சியம் வரும். முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஏன் போனான் என்று ஒரு கேள்வி கேட்டால் பல நேரம் அது ஆடிப்போகும். உண்மையில் குற்ற உணர்வில் ஒப்புக்கொள்ள நினைப்பவருக்கு மாஜிஸ்திரேட் இருக்கிறார். "நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்" என்று எச்சரித்து, யோசிக்க நேரம் கொடுத்து, பிறகுதான் எழுதுவார். கைதிகள் அழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செய்ததை நினைத்து அழுபவர்களும் உண்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்து அழுபவர்கள் இன்னும் அதிகம். கண்ணீரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஊர் ஆத்திரப்படும் வழக்குகளில்தான் நிதானம் அதிகம் தேவை. 2017-ல் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2018-ல் மரண தண்டனை, அதே ஆண்டு உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. சிசிடிவி பதிவை உரியபடி நிரூபிக்கவில்லை, குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்குத் தயாராகப் போதிய அவகாசம் இல்லை. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் கோபம். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது, ஆனால் என் கோபம் அவசரத்தின் மீது. முறையாக ஒரு வக்கீலை வைத்து, சாட்சியத்தை ஒழுங்காகச் சேர்த்து நடத்தியிருந்தால் முடிவு எதுவாக இருந்தாலும் அது நின்றிருக்கும். "இவனுக்கு யாரும் ஆஜராகக் கூடாது" என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று 2010-லேயே, நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றவாளிக்கு வக்கீல் நிற்பது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் பாதுகாப்புதான்.

குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டாருக்கும் ஒன்று. "அன்னிக்கு ஊர்லயே இல்லை" என்று பொய்யாக ஆள் தயார் செய்யாதீர்கள். மற்றக் கண்ணிகள் நிற்கும்போது அந்தப் பொய் கூடுதல் கண்ணியாகிவிடும். வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கிடைப்பார், 15100-க்குப் போன் செய்யலாம்.

இறந்தவர் வீட்டார், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். இழப்பீட்டுக்கும் அதே ஆணைக்குழுவிடம் மனுப் போடுங்கள், வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுதலை என்று தீர்ப்பு வந்தால் அரசு அப்பீல் போடாவிட்டாலும் நீங்களே போடலாம். அதற்கு முன் தீர்ப்பு நகலை வாங்கி யாரையாவது விட்டுத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சாட்சியை எதற்காக நம்பவில்லை என்று பத்தி எண் போட்டு அதில் எழுதியிருக்கும், அப்பீல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.