எடை போட்டு விற்கும் தண்ணீர்

விறகு வியாபாரத்தில் இறங்கிய முதல் வருஷம் ஒரு லோடு முழுதாகத் திரும்பி வந்தது. வாங்கியவர் சண்டையெல்லாம் போடவில்லை. ஒரு கட்டையைக் கையில் எடுத்து வெட்டுவாயைக் காட்டினார். அதில் நுரை காய்ந்த கறை இருந்தது. "கட்டை எரியலைங்க, அடுப்புல உக்காந்து அழுவுது" என்றார். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. அங்கேயே ஒன்றைப் பிளந்து உள்பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

மூன்று மாதம் திறந்த வெளியில் கிடந்த கட்டை, ஆகவே காய்ந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். முழு உருளையாக, பட்டையோடு கிடந்த கட்டை மூன்று மாதத்தில் உள்ளே காயாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வெட்டுவது, பிளப்பது, ஏற்றுவது, இறக்குவது இவைதான் விறகுத் தொழில் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அதெல்லாம் கூலி வேலை. வியாபாரம் என்பது காயவைப்பது. கணக்குப் போட்டால் புரியும்.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மரத்துக்கு மரம் இது கூடும், குறையும். கணக்குக்கு 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 1,000 கிலோ பச்சை விறகு வாங்குகிறீர்கள். அதில் மரம் 500 கிலோ, தண்ணீர் 500 கிலோ. நன்றாக எரிய வேண்டுமானால் ஈரம் 20 சதவீதத்துக்குள் வரவேண்டும். அந்த அளவுக்குக் காயவைத்தால் கையில் மிஞ்சுவது 625 கிலோ. மீதி 375 கிலோ காற்றோடு போய்விட்டது. கிலோ கணக்கில் வாங்கி கிலோ கணக்கில் விற்கிறவனுக்கு இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டம் மாதிரி தெரியும். அதனால்தான் பலர் காயவைப்பதே இல்லை. நேற்று வந்த லோடு இன்றைக்கே தராசில் ஏறிவிடுகிறது.

இப்போது அடுப்புப் பக்கம் நின்று பாருங்கள். பாதி ஈரமுள்ள விறகு ஒரு கிலோ எரிந்தால் கிடைக்கும் சூடு சுமார் 8 மெகாஜூல். 20 சதவீத ஈரத்தில் அதுவே 14 மெகாஜூலுக்கு மேல். ஏனென்றால் பச்சை விறகு முதலில் தன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கும். மொத்த லோடுக்கும் பெருக்கிப் பாருங்கள்: 1,000 கிலோவாக இருந்தபோது சுமார் 8,000 மெகாஜூல் தந்திருக்கக்கூடிய விறகு, காய்ந்து 625 கிலோவாகச் சுருங்கியபின் 9,000-ஐ நெருங்கித் தருகிறது. எடை குறைந்தது, சூடு கூடியது. ஆக, காய்ந்த விறகின் கிலோ விலை பச்சை விறகைப் போல ஒன்றே முக்கால் மடங்கு இருந்தாலும் வாங்குகிறவருக்கு நஷ்டமில்லை. இதை வாடிக்கையாளருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. சிலருக்கு இன்னும் புரியவைக்க முடியவில்லை, அது வேறு கதை.

சரி, காய்ந்ததா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று கேட்கும், பச்சை பொத்தென்று கேட்கும். பட்டை தானாகக் கழன்று வரும். வெட்டுவாயில் நடுவிலிருந்து வெளியே ஓடும் வெடிப்புகள் தெரியும். இந்த வெடிப்பைப் பலர் பெரிய அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். வெட்டுவாய் காய்ந்துவிட்டது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. என் முதல் லோடிலும் வெடிப்பு அழகாகத்தான் இருந்தது.

ஈரமானி ஒன்று வாங்கிவிடுங்கள். அதன் இரண்டு ஊசிகளையும் வெட்டுவாயில் குத்தாதீர்கள். கட்டையை அப்போதே பிளந்து, புதிதாகத் திறந்த உள்முகத்தின் நடுவில் குத்த வேண்டும். இன்னொரு குழப்பம் உண்டு. பெரும்பாலான ஈரமானிகள் தண்ணீரை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுத்தான் சதவீதம் காட்டும். விறகுக்காரர்கள் பேசுவதோ மொத்த எடையில் எவ்வளவு தண்ணீர் என்று. ஈரமானியில் 25 என்று வந்தால் நம் கணக்கில் அது 20. இது தெரியாமல் விற்கிறவரும் வாங்குகிறவரும் ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தகராறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் சரி! இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல், 2 கன மீட்டருக்குக் குறைந்த அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் இருக்கிறவர்களும் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

காயவைக்கும் வேலையில் முதல் விதி, பிளந்துவிட்டு அடுக்குவது. மரத்துக்குள் தண்ணீர் நாரின் போக்கில் வேகமாக நகரும், குறுக்கே மெதுவாக நகரும். பட்டை கிட்டத்தட்ட மூடி போட்ட மாதிரி. நீளத்தைக் குறைத்து வெட்டி, பிளந்து வைத்தால் தண்ணீர் வெளியேற வழி கிடைக்கிறது. தவிர, பச்சையாக இருக்கும்போது பல மரங்கள் கோடாலிக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்கும். காய்ந்து இறுகியபின் ஆப்பு வைத்து அடித்தாலும் முறைக்கும். அடுக்கிய விறகை, அதாவது அட்டியை, நேராகத் தரையில் போடாதீர்கள். கீழே இரண்டு கட்டைகளைத் தண்டவாளம் போல் போட்டு அதன்மேல் அடுக்கினால் கரையானும் மண் ஈரமும் ஏறுவது குறையும். காற்று வரும் திசைக்கு வெட்டுவாய் பார்த்திருக்கட்டும். மேலே மட்டும் மூடுங்கள். நான் ஒரு மழைக்காலத்தில் பயந்துபோய் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, கல்லும் வைத்தேன். திறந்தபோது வெள்ளைப் பூஞ்சணம் பூத்து, புட்டு அவித்த மாதிரி ஆவி அடித்தது.

எவ்வளவு காலம்? மென்மரம் நல்ல காற்றில் ஆறேழு மாதம், கடின மரம் ஒரு வருஷம், சிலது இரண்டு வருஷம். வெயிலும் காற்றும் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். அவ்வளவு நாளும் உங்கள் பணம் அட்டியாக அடுக்கப்பட்டு நிற்கிறது. சிறு விறகுக்கடைகள் மூடப்படுவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான். வாங்க ஆளில்லாமல் மூடவில்லை, காயும்வரை காத்திருக்கக் கையில் காசில்லாமல் மூடினார்கள். இரண்டு பருவத்துக்கான சரக்கை வைத்திருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

எடைக்குப் பதிலாக அடுக்கின் அளவில் விற்றால் தண்ணீர்ப் பிரச்சினை கொஞ்சம் தீரும். மரம் காய்ந்தாலும் கன அளவு அதிகம் சுருங்குவதில்லை. ஆனால் அங்கே தண்ணீருக்குப் பதில் காற்றை விற்க வழி இருக்கிறது. நெருக்கி அடுக்கிய ஒரு கன மீட்டரில் மரம் சுமார் 60 முதல் 70 சதவீதம்தான், மீதி இடைவெளி. அதையே வண்டியில் தாறுமாறாகக் கொட்டினால் ஒன்றரை கன மீட்டர் இடம் பிடிக்கும். எனவே 'ஒரு கன மீட்டர்' என்று எழுதினால் அடுக்கியதா, கொட்டியதா என்பதையும் பில்லில் எழுதுங்கள். கடின மரம், மென்மரம் பேச்சும் இங்கேதான் பொருந்தும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சூடுதான். அடர்த்தியான மரம் ஒரே இடத்தில் அதிக எடை பிடிப்பதால், அடுக்கு அளவில் வாங்கும்போது அதற்குக் கூடுதல் விலை நியாயம்.

அடுத்து சுள்ளி. கடையில் லாபம் கொடுப்பது பெரும்பாலும் இதுதான், வம்பு கொடுப்பதும் இதுதான். கணு இல்லாத, நேர் நாருள்ள மென்மரத்தைக் கட்டைவிரல் தடிமனுக்குப் பிளந்து, பெரிய விறகைவிட நன்றாகக் காயவைத்துக் கட்டாகக் கட்டினால் போதும். மூலப்பொருள் மலிவாகக் கிடைக்கும் என்பதால் தச்சுப்பட்டறைக் கழிவு, பழைய கதவு, சரக்குப் பலகை (பேலட்) எல்லாம் சுள்ளிக் கட்டுக்குள் வந்துவிடுகிறது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஒட்டுப்பலகையில் பசை. பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம், குறிப்பாகப் பச்சை சாயல் அடிக்கும் பழைய கம்பங்கள், தாமிரமும் குரோமியமும் ஆர்செனிக்கும் ஏற்றியவையாக இருக்கலாம். எரித்தால் புகையிலும் ஆர்செனிக், சாம்பலிலும் ஆர்செனிக். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதிச் சரக்குப் பலகைகளில் ஒரு முத்திரை இருக்கும். 'எச்.டி' (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்கிறது. 'எம்.பி' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, அதைத் தொடாதீர்கள். முத்திரை சரியாக இருந்தாலும் மேலே எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். தோட்டக் கழிவிலிருந்து சுள்ளி பொறுக்கினால் அரளிக் கிளை கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுள்ளி பிளக்கும்போதுதான் விரல் போகிறது. பெரிய கட்டைக்கு எல்லோரும் தள்ளி நிற்கிறார்கள். சின்னத் துண்டு நிற்காது என்பதால் இடது கையால் பிடித்துக்கொண்டு கைக்கோடாலியை இறக்குகிறார்கள். என்னிடம் வேலை பார்த்த ஒருவருக்கு ஆள்காட்டி விரல் நுனி போயிற்று. அன்றைக்கு அவர் பிளந்தது நூற்றுக்கு மேல் இருக்கும், கை தன்னிச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அதன்பிறகு முறையை மாற்றினோம். கோடாலி வாயைத் துண்டின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி, அடிக்கட்டையில் ஒன்றாகத் தட்டுவது. பிளவு விழுந்ததும் கையை எடுத்துவிடலாம். அல்லது வாய் மேல்நோக்கிப் பொருத்திய பிளேடின் மேல் துண்டை வைத்துச் சுத்தியலால் அடிப்பது. அறுக்கும் இடத்தில் முகக்கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள்.

தூரத்து விறகு வாங்குவதில் ஒரு ஆபத்து: பட்டைக்குள் வண்டு பயணம் செய்யும். ஆஷ் (ash) என்ற வகை மரங்களைத் துளைக்கும் மரகத நிற வண்டு ஒன்று 2002-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான மரங்கள் செத்தன. அது ஊர் ஊராகப் போனதில் விறகு வண்டிகளுக்கும் பங்குண்டு. பக்கத்தில் வெட்டியதைப் பக்கத்திலேயே விற்பது நல்லது, வண்டி வாடகையும் மிச்சம்.

விற்பவனே புகையைப் பற்றிப் பேசலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். பேசத்தான் வேண்டும். விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் வரும் புகை 2020-ல் சுமார் 32 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. காய்ந்த விறகு புகையைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. புகைபோக்கி இருக்கும் வீட்டில் ஈர விறகு எரித்தால் உள்சுவரில் தார் மாதிரிப் படிந்து, ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும்.

இதைவிட எனக்குப் பயம் கங்குதான். தழல் அடங்கி, புகையே இல்லாமல், கண்ணுக்கு இதமாகக் கனன்றுகொண்டிருக்கும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, வாடையில்லை. தலைவலி, குமட்டல், அசதி, அப்புறம் தூக்கம். குளிருக்காகக் கங்குச் சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் பலர். புகைதான் இல்லையே என்பது அவர்கள் பதில். ஆகவே லோடு இறக்கும்போது பில்லோடு ஒரு சீட்டும் கொடுக்கிறேன். அதில் இரண்டே வரி: கங்கு இருக்கும் அறையில் தூங்காதீர்கள், சாம்பல் ஆறிவிட்டது என்று தோன்றினாலும் மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வையுங்கள். முதலில் தமாஷாகப் பார்த்தார்கள். ஒரு வாடிக்கையாளர் அந்தச் சீட்டை வைத்தே அடுப்புப் பற்றவைத்துவிட்டு, இன்னொன்று கொடுங்கள் என்று வந்து நின்றார்.