கருவூலத்துக்கு இரண்டு சாவி

“அமெரிக்காவில் அரசாங்கத்தையே இழுத்து மூடிவிட்டார்களாமே, அது என்ன பெட்டிக்கடையா? அவ்வளவு பணக்கார நாட்டில் சம்பளம் கொடுக்கவா காசில்லை?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் நீடித்த முடக்கத்தைத்தான் சொல்கிறார். கூடவே ஒரு குறும்புக் கேள்வியும் இருந்தது: அந்த நாட்களில் அதிபருக்குச் சம்பளம் வந்ததா? அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

காசுக்குப் பஞ்சமே இல்லை. கருவூலத்தின் சாவிகளை வைத்திருப்பவர்கள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் படித்ததுதான்: சட்டம் இயற்றக் காங்கிரஸ் (நம்மூர்க் கட்சி அல்ல, அவர்களுடைய நாடாளுமன்றம்), நடத்திவைக்க அதிபர், வழக்கு வந்தால் தீர்த்துவைக்க நீதிமன்றம். காங்கிரஸில் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 100 பேர் கொண்ட செனட் என இரண்டு அவைகள். இரண்டும் நிறைவேற்றி அதிபர் கையெழுத்துப் போட்டால் சட்டம். அவர் மறுத்தால் இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து அந்த மறுப்பைத் தள்ளிவிடலாம். சரி, காகிதத்தில் இப்படிப் பிரித்து எழுதிவிடலாம். ராணுவமும் லட்சக்கணக்கான ஊழியர்களும் அதிபரின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள்; காங்கிரஸிடம் பேச்சும் வாக்கும்தான் உண்டு. பிறகு அதிபர் எதற்கு அடங்க வேண்டும்?

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதிய அரசியல் சட்டத்தின் முதல் பிரிவில் இதற்கு ஒரு வாக்கியம் இருக்கிறது. சட்டப்படி ஒதுக்கினால் ஒழிய, கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது. எழுதியவர்களின் மனதில் இங்கிலாந்து மன்னர்கள் இருந்தார்கள். 1630களில் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே கப்பல் வரி வசூலித்தார். சில ஆண்டுகளில் அது உள்நாட்டுப் போர் வரை போனது. அந்தப் பயத்தில்தான், ராணுவத்துக்கு ஒரே தடவையில் இரண்டு ஆண்டுக்கு மேல் பணம் ஒதுக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். வாள் ஒருவரிடம், பணப்பை இன்னொருவரிடம். வங்கி லாக்கரை நம் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்துதான் திறக்கும் என்பதைப் போல.

ஆனால் பூட்டு என்று ஒன்று இருந்தால் அதை ஏமாற்ற வழியும் பிறக்கும். 19ஆம் நூற்றாண்டில் அரசுத் துறைகள் ஓர் உபாயம் கண்டுபிடித்தன. ஓராண்டுக்குக் கொடுத்த பணத்தைச் சில மாதங்களிலேயே செலவழித்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு காங்கிரஸ் முன்னால் வந்து நின்றன. வேலை பாதியில் நிற்கிறது, கடன்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றன. காங்கிரஸும் வேறு வழியில்லாமல் கொடுத்தது. இதைத் தடுக்க 1870இல் ஒரு சட்டம் வந்தது: ஒதுக்கியதற்கு மேல் செலவழிக்கக் கூடாது. 1884இல் இன்னொரு கண்ணியையும் சேர்த்தார்கள். உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து வரும் அவசரம் தவிர, யாரிடமும் இலவச வேலைகூட வாங்கக் கூடாது.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இலவச வேலையில் என்ன குற்றம்? இன்றைக்கு ‘சும்மாதான் செய்கிறேன்’ என்பவர் அடுத்த ஆண்டு ‘உழைத்தேனே, ஏதாவது பார்த்துக் கொடுங்கள்’ என்பார். காங்கிரஸ் சரி என்று சொல்லாத ஒரு கடன், நன்றிக்கடனாக வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே நுழையும். இனாமாக வந்ததுதான் பிற்பாடு வட்டியோடு திரும்பும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். தெரிந்தே மீறும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. அதனால் முடக்கக் காலத்தில் ஓர் ஆய்வாளர் ஆர்வக்கோளாறில் “சம்பளம் வேண்டாம், வருகிறேன்” என்றாலும் அவரை உள்ளே விடக் கூடாது.

இவ்வளவு கறாரான சட்டம் இருந்தும் நூறாண்டுக்கு யாரும் அதை முழுசாக நடைமுறைப்படுத்தவில்லை. பணம் தாமதமானால் துறைகள் செலவைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கும். 1980 ஏப்ரலில், அதிபர் கார்ட்டர் ஆட்சியின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பெஞ்சமின் சிவிலெட்டி சட்டத்தை எழுத்துப்படி படித்துப் பார்த்தார். ஒதுக்கீடு இல்லையென்றால் கதவை மூடத்தான் வேண்டும் என்றார். இன்றைய முடக்கங்கள் பிறந்தது அந்த விளக்கத்தில்தான். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் உயிர்காக்கும் வேலையில் இருப்பவர்கள் என்பதால் சம்பளம் வராமலே வேலைக்கு வர வேண்டும். பாக்கி பிறகு வரும். 2025 நவம்பரில் அவர்களில் பலர் வராமல்போக, 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

இந்தியாவிலோ பிரிட்டனிலோ பட்ஜெட் தோற்றால் அரசு கவிழும், தேர்தல்கூட வரலாம். அமெரிக்காவில் அதிபருக்கு நான்கு ஆண்டு, பிரதிநிதிக்கு இரண்டு, செனட்டருக்கு ஆறு என்று பதவிக்காலம் இறுகிப்போயிருக்கிறது. பட்ஜெட் தகராறுக்காக யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. போதாததற்கு, செனட்டின் சொந்த விதிப்படி பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 வாக்கு வேண்டும். 2025இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய தற்காலிகச் செலவு மசோதா சிக்கிக்கொண்டதும் அங்கேதான். யார் முதலில் களைத்துப்போவார்கள் என்ற போட்டிதான் மிச்சம்.

பூட்டு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். அதிபர் நிக்சனின் மறுப்பையும் தாண்டி 1972இல் காங்கிரஸ் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒதுக்கிய பணத்தை விட மாட்டேன் என்று பிடித்து வைத்தார் நிக்சன். அப்படி இஷ்டத்துக்குப் பிடித்து வைக்க முடியாதபடி 1974இல் காங்கிரஸ் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நிக்சன் செய்தது செல்லாது என்று 1975இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதைப் பார்த்து ரசித்துக்கொண்டே இருக்க முடியவில்லை. டெக்சாஸில் 87 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு துகள் முடுக்கி (அணுவைவிடச் சிறிய துகள்களை வேகமாக மோதவிட்டு ஆராயும் இயந்திரம்) கட்டிக்கொண்டிருந்தார்கள். தொடர வேண்டும் என்றார் அதிபர் கிளின்டன். 1993இல் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது. சுமார் 200 கோடி டாலர் செலவழித்து, 20 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்டிய பிறகு! அதில் தேட நினைத்த ஹிக்ஸ் துகள் கடைசியில் ஜெனீவாவில் பிடிபட்டது. இருபதாண்டு ஆராய்ச்சியை ஆண்டுக்கொரு தடவை திறக்கும் பூட்டுக்குள் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அறிவியலுக்காவது ஐந்தாண்டு ஒதுக்கீடு கொடுக்கலாம். அதைத் தடுக்கும் வாக்கியம் எதுவும் அரசியல் சட்டத்தில் இல்லை. இரண்டாண்டு வரம்பு ராணுவத்துக்கு மட்டும்தான்.

அப்புறம் அந்தச் சம்பளம். அதிபருக்கு வரும். பதவிக்காலத்தில் அவர் சம்பளத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பணப்பையை வைத்திருப்பவர்கள் பட்டினி போட்டு அவரை மிரட்டவும் கூடாது, ஆசை காட்டி வளைக்கவும் கூடாது என்பதற்காக. நீதிபதிகளுக்கும் குறைக்க முடியாது. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் வரும். ஆனால் தங்களுக்குத் தாங்களே உயர்த்திக்கொண்டால் அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். 1789இல் முன்மொழிந்து, 1992இல்தான் ஒப்புதல் முடிந்த 27ஆவது திருத்தம் இது. தூங்கிக்கிடந்ததைத் தட்டி எழுப்பி மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதியவர் டெக்சாஸில் படித்த ஒரு கல்லூரி மாணவர். 1982இல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு ‘சி’ போட்டிருந்தார்கள். 2017இல் அதை ‘ஏ’ என்று திருத்திக் கொடுத்தார்கள்.